சோமாலியர் தாயகம்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் அறிஞர் பலர் இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் கோயிற்கலை பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு அயல்நாடு ஒன்றனைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்தனர். நாம் சோமாலியா என்றோம். செயலாளர் சற்றே தயங்கினார். பஞ்சமும் கடற்கொள்ளையும் அன்றி அந்நாட்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்பது அவர் ஐயம். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அண்மைக்காலம் வரை நம் ஐயமும் அதுவாகவே இருந்தது.

அந்த ஐயம் அகன்ற வகையை முதலிற் சொல்லிவிடுதலே நேர்மை. நாம் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கல்லூரியிற் பயிலும் சோமாலிய மாணவர் இருவர் வாடகைக்கு வந்து சேர்ந்தனர். ஒரு நாள் மாலை, உணவுண்ண மறுத்த நம் பேரனைப் பார்த்து, "இப்படியே இருந்தால் சோமாலியாப் பிள்ளை போல் ஆகிவிடுவாய்" என்று கடிந்துகொண்டோம். வீட்டின் கதவு திறந்திருந்தது. நாம் பேசியது தமிழே. ஆயினும் அவ்வொரு சொல் எம்மொழியிலும் ஒன்றுதானே? படியேறிக்கொண்டிருந்த மாணவர் நின்றார். எங்கள் நாட்டின் பெயரைச் சொன்னீர்கள் போலிருக்கிறதே என்று ஆங்கிலத்திற் பணிவாக வினவினார். ஒன்றுமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம். அன்று இரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல் அந்நாட்டைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கத் தொடங்கினோம். அப்படிப்பின் பயனே இப்பேச்சு.

நிலமும் நீரும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் படத்தை எடுத்துப் பாருங்கள். அதன் கீழ்க்கரையில் காண்டாமிருகத்தின் கொம்புபோற் கடலுக்குள் நீண்டு நிற்கும் பகுதி ஒன்று உண்டு. ஆப்பிரிக்கக் கொம்பு என்றே அதற்குப் பெயர். அக்கொம்பின் முனை குவார்டபூய் முனையாகும். அம்முனைக்கு வடக்கே ஏடன் வளைகுடா; கிழக்கே இந்துமாக்கடல். சோமாலியாவின் கடற்கரை 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. ஆப்பிரிக்கப் பெருநிலத்து நாடுகளுள் இத்துணை நீண்ட கரையுடைய நாடு வேறில்லை. நாட்டின் பரப்பு ஏறத்தாழ 6,37,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 1 கோடியே 80 இலட்சத்திற்கு மேல் இருக்கும் என்பது மதிப்பீடு.

ஆனால் சோமாலியா என்னும் நாடும் சோமாலியர் தாயகமும் ஒன்றல்ல. சோமாலிய மொழி பேசும் மக்கள் எத்தியோப்பியாவின் கீழ்ப்பகுதியிலும், கென்யாவின் வடகீழ்ப்பகுதியிலும், ஜிபூட்டியிலும் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். ஒரே மொழியினர் பல கொடிகளின் கீழ் வாழ நேர்ந்த கதையைப் பின்னர்க் காண்போம்.

வடக்கே கடலையொட்டி வெப்பம் மிக்க சமவெளியும், அதன் பின்னே மலைத்தொடரும் உள்ளன. அம்மலைகளில் உயர்ந்த முகடு 2,400 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்பது. தெற்கே ஜூபா, ஷபெல்லே என்னும் ஆறுகள் இரண்டு. இரண்டும் எத்தியோப்பிய மலைகளிற் பிறப்பவை. ஷபெல்லே என்பதற்குச் சிறுத்தைகளின் ஆறு என்பது பொருள். அது கடலை நோக்கி வந்து, மொகதிஷு நகருக்கு அண்மையில் திரும்பிக் கரையையொட்டியே நெடுந்தொலைவு ஓடி, பெரும்பாலான ஆண்டுகளிற் கடலை அடையாமலே சதுப்பு நிலத்தில் மறைந்துவிடும். இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலமே அந்நாட்டின் வயல்வெளி. சோளமும் எள்ளும் வாழையும் அங்கு விளைகின்றன.

ஏனைய நிலமெல்லாம் மேய்ச்சற் காடு. மழை பெய்தால் முல்லை, பொய்த்தால் பாலை. ஆண்டினை அவர்கள் நான்காகப் பகுப்பர். ஏப்பிரல் முதல் சூன் வரை பெருமழைக் காலம். அதனைக் 'கூ' என்பர். பின்னர்க் காற்றுக் காலமாகிய 'ஹகா'. அதன்பின் சிறுமழைக் காலமாகிய 'டெயிர்'. இறுதியில் டிசம்பர் முதல் மார்ச்சு வரை 'ஜிலால்' என்னும் கொடுங்கோடை. கூ மழை வந்தால் திருமணமும் விழாவும் பாட்டும் பெருகும்.

கடலும் காற்றும்

இந்நாடு நமக்குத் தொலைவானது என்று கருதுவோர்க்கு ஒன்று சொல்வோம். மும்பையிலிருந்து குவார்டபூய் முனைக்கு நேர்க்கோட்டுத் தொலைவு 2,500 கிலோமீட்டருக்கு உட்பட்டதே. இடையிற் பெருநிலம் ஏதும் இல்லை. பெரும்பாலும் நீரே உண்டு.

சூன் மாதத்தில் நம் மேற்குக் கரையை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று எவ்வழியாக வருகின்றது? தென்கோளத்திற் புறப்பட்டு, கென்யா நாட்டு மேட்டுநிலத்தையொட்டி நிலநடுக்கோட்டைக் கடந்து, சோமாலியக் கரையையொட்டி மிகுவிரைவோடு வீசி, அரபிக்கடலைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகின்றது. பின்லேட்டர் என்னும் வானிலை அறிஞர் 1960-களில் இவ்விரை காற்றோட்டத்தை ஆராய்ந்து விளக்கினார். அதே காற்று சோமாலியக் கரையின் மேல்நீரை அகற்றிவிடுவதால், அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுந்து மீன்வளத்தைப் பெருக்குகின்றது. நமக்கு மழை தரும் காற்றினை முதலிற் காண்பவர் அவர்களே. அவர்களுக்கோ அது மழை தராமற் புழுதி எழுப்பிச் செல்லும் காற்று. இயற்கையின் பங்கீடு அவ்வாறு அமைந்தது.

அக்காற்றை அறிந்தே பண்டைக் கலங்கள் ஓடின. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரையக் கடற் பயணநூல்' நம் முசிறியையும் தொண்டியையும் கொற்கையையும் கூறுவது. அதனைத் தமிழ் மாணவர் பலரும் அறிவர். அதே நூல் சோமாலியக் கரையின் துறைமுகங்களையும் வரிசைப்படக் கூறுகின்றது என்பதை நாம் கருதுவதில்லை. இன்று பெர்பெரா எனப்படுவது அந்நூலில் மலாவோ என்றும், இன்றைய ஹாபூன் முனை ஒப்போனே என்றும் குறிக்கப்படுகின்றன. இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கோதுமை, அரிசி, நெய், நல்லெண்ணெய், பருத்தித் துணி, கரும்பின் தேன் ஆகியவை அத்துறைகளுக்குச் சென்றன என்று அந்நூல் சொல்கிறது. அங்கிருந்து சென்றவற்றுள் தலையாயவை நறும்பிசின்கள், குந்துருக்கமும் வெள்ளைப்போளமும். எகிப்து நாட்டுச் செங்கடல் துறையாகிய குசைர் அல்-காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. அவற்றைக் கொண்டுசென்ற கலங்களும் இக்கொம்பின் கடல்வழியே ஏடன் வளைகுடாவினுட் புகுந்திருத்தல் வேண்டும்.

இன்றும் சோமாலியாவின் வடகிழக்கு மலைகளில் குந்துருக்க மரங்கள் பாறையிடுக்கில் வேர்விட்டு நிற்கின்றன. மரப்பட்டையைக் கீறி, வடியும் பால் இறுகியபின் சுரண்டி எடுப்பர். நம் கட்சு நாட்டு மரக்கலங்கள் இன்றும் சோமாலியத் துறைகளுக்குச் சென்று வருகின்றன. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் முற்றும் அறுந்துவிடவில்லை.

பழைமையும் நகர வாழ்வும்

ஹர்கெய்சா நகருக்கு அண்மையில் லாஸ் கேல் என்னும் பாறைக் குகைகள் உள்ளன. 2002-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தனர். அங்குள்ள ஓவியங்களில் அணி பூண்ட ஆக்களும், அவற்றின் அருகே கைதூக்கி நிற்கும் மாந்தரும் காணப்படுகின்றனர். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை அவை என்பர். ஆவைப் போற்றிய மக்களின் கைவண்ணம் இன்றும் நிறம் மங்காதிருக்கின்றது.

மொகதிஷு நகருக்கு 1331-இல் மொராக்கோ நாட்டுப் பயணியாகிய இபன் பத்தூதா சென்றார். கப்பல் துறைக்கு வந்தவுடன் நகரத்து இளைஞர் சிறு படகுகளில் மூடிய தட்டில் உணவேந்தி எதிர்வந்து, வந்த வணிகர் ஒவ்வொருவரையும் தத்தம் விருந்தினராக ஏற்று இல்லத்துக்கு அழைத்துச் சென்றதை அவர் எழுதியுள்ளார். அவருக்குப் படைத்த விருந்தினையும் கேளுங்கள்: நெய்ச்சோறு, அதன்மேற் குழம்பு வகைகள், பாலில் வேகவைத்த வாழைக்காய், தயிர், எலுமிச்சை ஊறுகாய், இஞ்சி, மாங்காய். நம் வீட்டு இலையைப் பற்றிப் படிக்கின்றோமோ என்று ஐயுறத் தோன்றுகின்றதன்றோ? அதே இபன் பத்தூதா பின்னர் 1340-களில் மதுரைக்கும் வந்தவர்.

அந்நகரில் 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த பக்ருத்தீன் பள்ளிவாசல் இன்றும் நிற்கின்றது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பற்படை மொகதிஷுவுக்குச் சென்றது. இலங்கையின் காலியிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிக் கல்வெட்டு விடுத்தவரும் அவரே. சோமாலியர் இசுலாத்தில் சுன்னி நெறியினர். சாபி சட்டமரபைப் பின்பற்றுவோர். காயல்பட்டினத்தும் கீழக்கரையிலும் வாழும் நம் முசுலிம் அன்பர்களும் அம்மரபினரே. இவையெல்லாம் கடல் பிணைத்த உறவுகள்.

ஒட்டகமும் குடியும்

சோமாலியர் வாழ்வின் நடுநாயகம் ஒட்டகம். பாலும் இறைச்சியும் பொதி சுமத்தலும் மணப்பரிசும் தண்டமும் எல்லாம் அதனாலேயே. ஓர் ஆடவனைக் கொன்றமைக்கு ஈடாக 100 ஒட்டகம் தருதல் பழைய வழக்கு. உலகில் ஒட்டகம் மிகுந்த நாடுகளின் முன்வரிசையில் சோமாலியா நிற்கின்றது. 'சோமால்' என்னும் பெயருக்கே, போய்ப் பால் கறந்து வா என்று பொருள் கூறுவாரும் உளர். வந்த விருந்தினரைக் கண்டதும் வீட்டார் சொல்லும் முதற்சொல் அதுவாம். சொல்லாராய்ச்சிக்கு அது பொருந்துமோ, பொருந்தாதோ. மக்கள் தம்மை எவ்வாறு எண்ணிக்கொள்கின்றனர் என்பதற்கு அது போதிய சான்றாகும்.

மேய்ச்சற் குடியினரின் வீட்டுக்கு 'அகல்' என்று பெயர். வளைத்த கொம்புகளின்மேல் கோரைப்பாய் போர்த்தியது. பாய் முடைவதும், வீட்டைக் கட்டுவதும், பிரித்து ஒட்டகத்தின் மேல் ஏற்றுவதும் பெண்டிர் பணியே. வீடு பெண்ணுக்கு உரியது.

சிறுவர் தம் தந்தை, பாட்டன், பூட்டன் என்று பல தலைமுறைப் பெயர்களையும் ஒப்பிக்கக் கற்பர். அதனாலேயே இன்னார் இன்ன குலத்தவர் என அறிவர். டாரோட், ஹாவியே, இசாக், டிர், ரஹன்வெய்ன் என்பன பெருங்குலங்கள். குலங்களிடையே வழக்கு எழுந்தால், முதியோர் மரநிழலிற் கூடி, 'ஹெயர்' என்னும் வழக்காற்று முறைப்படி பேசித் தீர்ப்பர். நம் ஊர் மன்றமும் ஆலமரமும் நினைவுக்கு வருகின்றனவன்றோ? குலம் என்பது அவர்களுக்குக் காப்பாகவும் இருந்தது. பின்னாளில் கேடாகவும் முடிந்தது. ஆற்றங்கரை உழவரும் கடற்கரை நகரத்தாரும் இப்பெருங்குல வரிசையில் இடம்பெறாமல் இழிவுற்றதும் உண்டு. அதனை மறைத்தல் அறமாகாது.

மொழியும் பாவும்

நிற்க. தமிழராகிய நாம் கருதத்தக்க பகுதிக்கு இப்போது வருகின்றோம். சோமாலிய மொழி குசித்திய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. அம்மக்கள் பாட்டால் வாழ்ந்தவர். 1850-களில் அங்குச் சென்ற ஆங்கிலேயர் ரிச்சர்டு பர்ட்டன், அந்நாடு புலவர் மலிந்த நாடு என்று வியந்து எழுதினார். போருக்கு அழைப்பதும் பாட்டு. போரைத் தணிப்பதும் பாட்டு. ஒட்டகத்தைப் புகழ்வதும், மனைவியைத் தேற்றுவதும், பகைவனை இகழ்வதும் பாட்டு. ஆடவர் பாடும் 'கபய்' நீண்ட பாவகை. பெண்டிர்க்கு உரியது 'புரான்புர்'.

அவர்தம் பாவுக்கு உயிராவது மோனை. ஆனால் நம் மோனையினும் அது கடுமை மிக்கது. நம் செய்யுளில் அடிதோறும் மோனை எழுத்து மாறலாம். அவர்கள் பாட்டிலோ தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட எழுத்தே இறுதி வரை வருதல் வேண்டும். பாட்டு நூறு அடியாயினும் விலக்கில்லை. கபயின் ஒவ்வோர் அடியும் இரு பகுதிகளாக இயலும். ஒவ்வொரு பகுதியிலும் அவ்வெழுத்து முதலாகிய சொல் ஒன்று இருத்தல் வேண்டும். உயிரெழுத்துக்கள் எல்லாம் தம்முள் ஒரே இனமாகக் கொள்ளப்படும். இத்துணைக் கட்டுப்பாட்டையும் எழுத்தறியாத இடையர் காதாலேயே கற்றுக் கையாண்டனர். பாவின் அளவிலக்கணத்தை 1976-இல்தான் கவிஞர் காரியே எழுத்தில் வகுத்து வெளியிட்டார். இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்னும் முறைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பிறர் பாட்டை ஒப்பிப்பவர் சொல் பிறழாமல் ஒப்பித்தல் வேண்டும். பாடியவர் பெயரை முதலிற் சொல்லுதலும் வேண்டும். ஏட்டில் எழுதாத நாட்டில் ஆசிரியன் உரிமை இவ்வாறு காக்கப்பட்டது.

எழுத்து வந்த கதை உணர்ச்சிமிக்கது. அரபு எழுத்தில் எழுதுவதா, உஸ்மான் யூசுப் கெனதித் 1920-களின் தொடக்கத்திற் படைத்த உஸ்மானிய எழுத்தில் எழுதுவதா, உரோமன் எழுத்தில் எழுதுவதா என்று பல்லாண்டு வழக்காடினர். 1972-இல் உரோமன் எழுத்து முடிவு செய்யப்பட்டு, சோமாலியம் அரசு மொழியாயிற்று. 1974-இல் உயர்வகுப்புப் பள்ளிகளை மூடி, மாணவரையும் ஆசிரியரையும் பல்லாயிரக்கணக்கில் நாட்டுப்புறத்துக்கு அனுப்பினர். நகரத்துப் பிள்ளைகள் மேய்ச்சற் குடிகளோடு தங்கி, அவர்கள் தந்த பாலை உண்டு, அவர்களுக்கு எழுத்தறிவித்தனர். அறிந்தவன் கற்பிக்கவேண்டும், அறியாதவன் கற்கவேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் முழக்கம். தாய்மொழியிற் கல்வியும் ஆட்சியும் வேண்டுமென்று போராடிய நாம் இதனை அறியாதிருந்தோம் என்பது வெட்கத்துக்குரியது.

கோடு கிழித்த கதை

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அக்கரையைப் பங்கிட்டனர். வடக்கே ஆங்கிலேயர், தெற்கே இத்தாலியர், ஜிபூட்டியில் பிரெஞ்சுக்காரர். உள்நாட்டு ஓகதேன் பகுதியை எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக் கைக்கொண்டார். தென்மேற்குப் பகுதி ஆங்கிலேயரின் கென்யாவோடு சேர்ந்தது. ஆங்கிலேயர் பகுதி 1898 வரை ஏடன் வழியாக இந்திய அரசின் மேற்பார்வையிலேயே இருந்தது. ஏடனோ அக்காலத்திற் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. ஏடன் படைமுகாமுக்கு இறைச்சி அனுப்பும் ஊராகவே பெர்பெராவை அவர்கள் கருதினர். அங்கு நெடுங்காலம் வழங்கியதும் இந்திய ரூபாயே.

இதனை எதிர்த்து 1899 முதல் 1920 வரை போரிட்டவர் செய்யிது முகம்மது அப்துல்லா ஹசன். அவர் வாள் ஏந்திய தலைவர் மட்டுமல்லர். சோமாலியத்தின் பெரும்புலவர்களுள் ஒருவர். அவர் பாட்டு ஒட்டக வழிகளிற் பரவியது. 1920-இல் ஆங்கிலேயர் வானூர்திகளை ஏவி அவருடைய கோட்டைகளின்மேல் குண்டு வீசினர். அவ்வாண்டின் இறுதியில் அவர் நோயால் மறைந்தார்.

1960 சூன் 26-இல் வடபகுதி விடுதலை பெற்றது. சூலை 1-இல் தென்பகுதி விடுதலை பெற, இரண்டும் இணைந்து ஒரே குடியரசாயின. வான்நீலக் கொடியில் வெண்ணிற விண்மீன் ஒன்று. அதன் ஐந்து முனைகளும் சோமாலியர் வாழும் ஐந்து பகுதிகளைக் குறிப்பன. கொடி இவ்வாறு கூறினும் எல்லைக்கோடு வேறு கூறியது. மேய்ச்சற் காட்டின் ஊடே அக்கோடு சென்றது. மழை பெய்த பக்கம் செல்லும் ஒட்டகத்துக்கு அது தெரியுமோ?

முதற் குடியரசுத் தலைவர் ஏடன் அப்துல்லா உஸ்மான் 1967-இல் தேர்தலில் தோற்றபோது அமைதியாகப் பதவி விலகினார். விடுதலை பெற்ற ஆப்பிரிக்காவில் அதற்கு முன் அத்தகைய மாற்றம் காண்டற்கு அரிது. ஆனால் அடுத்த தலைவர் ஷெர்மார்க்கே 1969 அக்டோபரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களில் இராணுவத் தலைவர் சியாத் பாரே ஆட்சியைக் கைப்பற்றினார்.

வீழ்ச்சியும் துயரும்

எழுத்தறிவு இயக்கம் நடத்திய அதே ஆட்சி, மாற்றுக் கருத்துடையாரைச் சிறையிலும் இட்டது. பெருங்கவிஞர் ஹத்ராவி 1973 முதல் 1978 வரை சிறையிலிருந்தார். 1977-இல் ஓகதேனை மீட்கச் சோமாலியப் படை எத்தியோப்பியாவினுள் நுழைந்தது. 1978-இல் தோற்றுத் திரும்பியது. அத்தோல்விக்குப் பின் ஆட்சி குலத்தின்மேற் குலத்தை ஏவியது. 1979-80-இல் கவிஞர் பலர் ஒரே மோனையில் மாறிமாறிப் பாடிய தொடர்பாட்டில் இக்குலவெறியைக் கண்டித்தனர். அப்பாட்டு ஒலிநாடாக்களிற் பதிந்து நாடெங்கும் பரவியது.

1988-இல் அரசின் வானூர்திகளே தன் நாட்டு நகரமாகிய ஹர்கெய்சாவின்மேல் குண்டு பொழிந்தன. நகரம் இடிபாடாயிற்று. அந்நாளில் சிலர் வானொலியின் ஒலிநாடாக்களை மண்ணிற் புதைத்தும், எல்லை கடந்து எடுத்துச் சென்றும் காத்தனர். உயிருக்கு அஞ்சி ஓடும்போதும் மொழியின் செல்வத்தை மறவாத அம்மக்களை நினைந்து நம் நெஞ்சு நெகிழ்கின்றது. இன்று பல்லாயிரம் நாடாக்கள் அதே நகரின் பண்பாட்டு மையத்திற் காக்கப்படுகின்றன.

1991 சனவரியில் ஆட்சி வீழ்ந்தது. அதன் இடத்தில் வேறு ஆட்சி எழவில்லை. போரும் வறட்சியும் சேர்ந்து 1992-இல் பெரும்பஞ்சம் விளைத்தன. ஐக்கிய நாடுகள் அவை அனுப்பிய படைகளில் நம் இந்தியப் படையணியும் ஒன்று. 1993-94-இல் அது பைதோவாப் பகுதியிற் பணிபுரிந்தது. 2011-ஆம் ஆண்டுப் பஞ்சத்தை ஒட்டி ஏறத்தாழ 2,60,000 பேர் மாண்டனர். அவருட் பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். 2017 அக்டோபரில் மொகதிஷுவில் வெடித்த ஒரே குண்டுக்கு இரையானோர் 500-க்கும் மேற்பட்டோர். கடற்கொள்ளையும் இக்கேட்டின் விளைவே. காவலற்ற கடலில் அயல்நாட்டுக் கப்பல்கள் மீனை வாரிச் சென்றன. காவலற்ற கரையிற் கொள்ளையர் எழுந்தனர். ஒன்று மற்றொன்றை நியாயமாக்காது. எனினும் இரண்டும் சொல்லப்படவேண்டியவை.

எழுந்து நிற்போர்

துயரை மட்டும் சொல்லி நிறுத்தினால் மீண்டும் பழைய பிழையையே செய்தவராவோம். வடபகுதியினர் 1991 மே மாதத்தில் சோமாலிலாந்து என்னும் பெயரால் தனியே பிரிந்ததாக அறிவித்தனர். உலக நாடுகளிற் பெரும்பாலானவை அதனை ஏற்கவில்லை. ஆயினும் மரநிழல் மன்றங்களிற் பேசியே அவர்கள் அமைதி கண்டனர். 2024 நவம்பர்த் தேர்தலில் எதிர்க்கட்சியாளர் வென்றபோது, ஆட்சி அமைதியாகவே கைமாறியது. தெற்கே 2012-இல் புதிய அரசமைப்பின்படி கூட்டாட்சி அரசு அமைந்தது. 2025, 2026 ஆகிய இரண்டாண்டுகளுக்குச் சோமாலியா ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

பெண்மணிகள் இருவரைக் குறிக்காமல் விட இயலாது. எட்னா ஆதன் இஸ்மாயில் அம்மையார் போரில் அழிந்த ஹர்கெய்சாவில் 2002-இல் மகப்பேறு மருத்துவமனை திறந்தார். மருத்துவர் ஹாவா அப்தி அம்மையார் மொகதிஷுவுக்கு அருகே தம் சொந்த நிலத்தில், வீடிழந்து வந்தோருக்கெல்லாம் இடமளித்தார். அவர் நிழலில் தங்கியோர் ஒரு காலத்தில் 90,000 பேர் வரை என்பர். இன்ன குலத்தவர் என்று அங்கு எவரும் பிரித்துப் பேசலாகாது என்பது அவர் விதித்த விதி.

வெளிநாடுகளில் வாழும் சோமாலியர் ஆண்டுதோறும் தாயகத்துக்கு அனுப்பும் பணம் 100 கோடி டாலருக்கு மேற்பட்டது. பஞ்ச ஆண்டில் கப்பலில் வரும் தானியத்துக்கு முன்னே, அயலூரில் வாழும் அண்ணனும் அக்காளும் அனுப்பிய பணம் வந்து சேர்கின்றது. மாதத் தொடக்கத்தில் ஊருக்குப் பணம் அனுப்பிய பின்னரே மளிகைக் கணக்கைப் பார்த்த தந்தையர் நம் சங்கத்தில் எத்தனை பேர்! இதன் பொருளை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

முடிவுரை

அன்பர்களே, இறுதியாக ஒன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது ஆண்டுப் பஞ்சம் வாட்டியது. நம் முன்னோர் பல இலட்சம் பேர் மாண்டனர். ஊப்பர் என்னும் ஆங்கிலப் படையலுவலர் எலும்பும் தோலுமாய் அமர்ந்திருந்த மக்களைப் புகைப்படம் எடுத்தார். அப்படங்கள் உலகெங்கும் சென்றன. அவற்றை மட்டுமே கண்ட ஒருவர், தம் பேரன் உண்ண மறுத்தபோது, 'தமிழ்ப்பிள்ளை போல் ஆகிவிடுவாய்' என்று சொல்லியிருந்தால் நமக்கு எவ்வாறு இருக்கும்? அந்த ஒட்டிய வயிற்றுக்காரரின் வீட்டிலும் பாட்டு இருந்தது, இலக்கணம் இருந்தது, விருந்தோம்பல் இருந்தது என்று அவருக்கு யார் சொல்வது?

இவ்வுரையை எழுதி முடித்த அன்று மூன்றாம் மாடிக்குச் சென்றோம். அன்று நாம் சொன்னது இன்னதென்று அந்த மாணவரிடம் உள்ளபடியே சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் ஏலம் இட்ட தேநீர் கொணர்ந்து தந்தார். எங்கள் நாட்டில் ஒவ்வொரு பெருவறட்சிக்கும் பெயர் வைப்போம் என்றார். 1974-75 வறட்சிக்கு 'தபதேர்', அதாவது நெடுவாலுடையது, என்று பெயராம்; முடியாமல் நீண்டுகொண்டே போனதால். பஞ்சத்துக்கு அதன் பெயர் தனியே இருக்கிறது. நாட்டின் பெயரை நாங்கள் அதற்கு வைக்கவில்லை என்று சிரித்தவாறே சொன்னார்.

நாமும் அவ்வாறே செய்தவர்கள் அல்லமோ? 'தாது ஆண்டுப் பஞ்சம்' என்று பஞ்சத்துக்கு ஆண்டின் பெயரை வைத்தோம். தமிழகத்தின் பெயரை வைக்கவில்லை. நமக்கு நாமே காட்டிய அந்த மரியாதையை அவர்களுக்கும் காட்டுவோம். இம்மாநகரிற் பயிலும் சோமாலிய மாணவரை அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைக்கச் செயற்குழுவினர் இசைந்துள்ளனர் என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அவர்கள் நம் மேடையில் தம் மோனைப் பாட்டைப் பாடட்டும். நம் பிள்ளைகள் தம் மோனைப் பாட்டைப் பாடட்டும். அந்நாட்டின் பெயரை இனி நம் வீடுகளில் மதிப்போடு சொல்லுவோம்.